2 ஆயா, 32 கட்டில்

முதியோர் இல்லம் பற்றி எழுதுகிறவர்கள் மகனைத் திட்டுவதோடு முடித்துக்கொள்கிறார்கள். பெற்றவளைக் கொண்டுபோய்த் தள்ளிவிட்டானே பாவி என்று கண்ணீர்க் கவிதை போடாத பத்திரிகை இல்லை. (நானும் கவிதை எழுதுகிறவன்தான். அந்தக் கவிதையை மட்டும் இன்னும் எழுதவில்லை.) அந்தத் தாயின் பீத்துணியை ராத்திரி இரண்டு மணிக்கு மாற்றுகிறவள் யார், அவளுக்கு என்ன சம்பளம் என்று ஒரு கவிதையும் கேட்டதில்லை.

நவம்பர் வந்தால் ஓய்வூதியக்காரர்களிடம் உயிர்ச்சான்று வாங்குவது வங்கியில் எங்கள் வேலை. படுக்கையில் கிடப்பவர்களைத் தேடிப் போகவேண்டும். அப்படிப் போன ஓர் இல்லத்தில் 32 கட்டில்கள். ராத்திரிக்கு இரண்டே ஆயாக்கள், இருவரும் சேரிப் பெண்கள். பெரியவரின் விரலை மையில் தொட்டு ஒற்றிக்கொடுத்த அக்காவிடம், எப்படிச் சமாளிக்கிறீங்க என்றேன்.

‘அஞ்சு மணிக்கே கஞ்சி ஊத்திருவோம் சார். அப்புறம் தண்ணி கேட்டாலும் குடுக்கமாட்டோம். நனைச்சுக்கிட்டா யாரு மாத்துறது? எந்திரிச்சு விழுந்துட்டா எங்க தலையிலதான் விடியும். அதான் கையைத் துணியால கட்டில்ல கட்டிடறது.’

கொடுமைக்காரி என்று சொல்லிவிடலாம், ரொம்பச் சுலபம். 32 உடம்புக்கு நாலு கை என்று கணக்குப் போட்டவனை என்ன சொல்வது? அவன் சட்டை கசங்குவதில்லை.

அந்த அக்கா சமையல்கட்டு வாசலைத் தாண்டக்கூடாது. பீ அள்ளுற கையாம். இந்த வேலைக்கு எந்தத் தெருவில் ஆள் தேடினீர்கள் என்று கேட்டால், ‘நாங்க சாதியெல்லாம் பாக்கறதில்ல சார்’ என்கிறார் மேலாளர்.

ஏர்வாடி ஞாபகமிருக்கிறதா? 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை. மனநோயாளிகளை வைத்திருந்த தனியார் காப்பகக் கொட்டகையில் தீ. சங்கிலியில் கிடந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் செத்தார்கள். சங்கிலி என்றால் என்ன? ஒருமுறை வாங்கிப்போட்டால் சம்பளம் கேட்காத ராத்திரிக் காவல். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடைசெய்தது. நான் பார்த்த இடத்தில் அந்த வேலையைத் துணி செய்துகொண்டிருக்கிறது.

பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007இல் வந்தது. அதன் 19ஆம் பிரிவு, மாவட்டத்துக்கு ஓர் இல்லமாவது, அதில் ஆதரவற்ற முதியோர் 150 பேருக்காவது இடம் என்கிறது. படுக்கைக்கு எண் போட்ட அந்தப் பிரிவில் கைகளுக்கு எண் இல்லை.

முகப்பில் நன்கொடையாளர் பெயரைக் கல்லில் வெட்டுகிறீர்களே, பக்கத்தில் ஒரு பலகை வையுங்கள்: இன்றிரவு கட்டில் இத்தனை, ஆயா இத்தனை, அவர்கள் சம்பளம் இத்தனை. சமையல்கட்டில் அவர்களும் நுழைந்து சோறு போட்டுச் சாப்பிடட்டும்.

மாணவத் தோழர்களே, இல்லங்களுக்குப் போகிறீர்கள், பழம் கொடுக்கிறீர்கள், பாட்டுப் பாடுகிறீர்கள், போட்டோ பிடித்துக்கொண்டு சாயங்காலம் திரும்பிவிடுகிறீர்கள். ஒருதரம் ராத்திரி பத்து மணிக்கு மேல் போங்கள். தண்ணீர்ச் செம்பு கை எட்டுகிற தூரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.