வரைந்தவர் பெயரில்லாத கட்டடங்கள்

பழைய கொழும்பைப் போற்றும் எழுத்துகள் அண்மைக் காலமாகப் பெருகி வருகின்றன. அவற்றுள் தவறாமல் இடம்பெறும் பெயர் எட்வர்ட் ஸ்கின்னர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொழும்பின் முகத்தை மாற்றியமைத்த ஸ்கொட்லாந்துக் கட்டடக் கலைஞர் அவர். கோட்டையில் செந்நிற முகப்போடு நிற்கும், 1906இல் நிறைவுற்ற கார்கில்ஸ் கட்டடம் அவருடையது. 1903இல் அடிக்கல் நாட்டப்பட்ட விக்டோரியா ஞாபகார்த்தக் கண் மருத்துவமனையை இந்தோ-சரசெனிக் பாணியில் வடிவமைத்தவரும் அவரே. அவரது திறமையில் எனக்கு ஐயமில்லை. இவற்றை மட்டும் காட்டி, ‘அக்காலத்துக் கட்டடக்கலை இதுவே’ என்று முடித்துவிடுவதைத்தான் நான் மறுக்கிறேன்.

ஏனெனில், அதே காலத்தில் இந்நாட்டின் தோட்டந்தோறும் நின்ற இன்னொரு கட்டடமும் உண்டு. அதன் பெயர் லயம். கஹவத்தையைச் சூழ்ந்த தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் அதை இன்றும் காணலாம். ஒரே நீண்ட கூரையின்கீழ் வரிசையாக அறைகள். அறையொன்று ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி. முன்னால் ஓர் இஸ்தோப்பு. இரட்டை லயமாயின் அறைகள் முதுகோடு முதுகு ஒட்டியிருக்கும். பின்சுவரில் சன்னல் வைக்கவும் வழியில்லை. இதை வரைந்தவர் யார்? எந்த நூலிலும் அவருக்குப் பெயரில்லை. ஆள் கணக்கும் செலவுக் கணக்குமே இதனை வரைந்தன.

‘லயத்தை ஸ்கின்னர் கட்டவில்லையே, அவர்மீது ஏன் பழி?’ என்று சிலர் கேட்கலாம். என் வழக்கு அவரோடு அன்று. அவரது வரலாற்றை எழுதுவோரோடு. கொழும்பின் வணிக மாளிகைகள் வானிலிருந்து இறங்கவில்லை. தேயிலையும் இறப்பரும் ஈட்டிய செல்வம் அவற்றுக்குள் இருக்கிறது. அச்செல்வம் செலவான இடத்தை வரலாறு என்கிறோம். அது விளைந்த இடத்தைக் கண்டுகொள்வதில்லை. நான் பத்திரிகைப் பணியில் இருந்த ஆண்டுகளிலும் லயம் செய்தியானது இரண்டே வேளைகளில்: தீப்பிடித்தபோதும், மண் சரிந்தபோதும்.

இது வெள்ளைக்காரன் காலத்துக் கதை மட்டுமன்று. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிருவாகம் கம்பனிகளின் கைக்குச் சென்றது. உடைமையாளர் மாறினர், லயம் மாறவில்லை. 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மோடி மலையகத்துக்கு மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். 7 பேர்ச் காணியில் தனிவீடு என்ற நிலைக்கு மலையக வீட்டுத்திட்டங்கள் வந்ததை வரவேற்கிறேன். ஆயினும் சப்ரகமுவத் தோட்டத் தமிழர் சிதறி வாழ்பவர்கள். நுவரெலியாவில் உள்ள வாக்குப்பலம் அவர்களுக்கு இல்லை. பங்கீடு என்று வரும்போது அவர்கள் வரிசையின் கடைசியில் நிற்கக்கூடாது.

வீடு கிடைத்தால் மட்டும் போதுமா? 1918இல் கண்டியில் பிறந்த மினெற் டி சில்வா என்ற கட்டடக் கலைஞர், வட்டாபுளுவ வீட்டுத்திட்டத்தை 1950களில் வடிவமைத்தபோது, குடியேறவிருந்த அரச ஊழியர்களிடம் அவர்களது வாழ்க்கை முறையையும் தேவைகளையும் கேட்டறிந்தே வரைந்தார். அரச ஊழியருக்குக் கிடைத்த அந்த மரியாதை, கொழுந்து பறிப்பவருக்கும் பால் வெட்டுபவருக்கும் ஏன் கிடைக்கக்கூடாது? அவர்களுக்கு மட்டும் எங்கோ வரைந்த ஒரே வரைபடம் போதுமா?

கஹவத்தையில் இனி அடிக்கல் நாட்ட வருவோர், நாடாவை வெட்டுவதற்கு முன் அந்த இஸ்தோப்பில் சற்று உட்காரட்டும். அடுப்பு எங்கே வேண்டும், அடைமழையில் விறகை எங்கே வைப்பது, பிள்ளை படிக்க எந்த மூலை என்று அந்த வீட்டுப் பெண்ணிடம் கேட்கட்டும். அவள் சொல்வதை எழுதிக்கொண்ட பிறகு வரைபடத்தை விரிக்கட்டும்.