அச்சும் அசலே

வானகரத்தில் நம் வீட்டுக்கு வரும் நண்பர்கள், ஓவிய நூலில் ‘தவழும் அப்பு’வைக் கண்டதும் கேட்பது ஒன்றே: “இது அச்சுதானே, அசல் எங்கே?”

சித்தூர்ப் பக்கம் 1925இல் பிறந்த கிருஷ்ணா ரெட்டி, சென்னைக் கலாக்ஷேத்திராவில் ஓவியம் கற்பித்தவர். பின்னர் பாரிஸில் ஹேட்டரின் ‘அட்லியே 17’ பட்டறையில் உழைத்தவர். பிசுபிசுப்பு வேறுபடும் மைகளை ஒரே தகட்டில் ஏற்றிப் பல வண்ணங்களை ஒருசேர அச்சிடும் முறையை உருவாக்கியவர்களுள் ஒருவர். தம் மகள் தவழ்ந்த கோலத்தை 1975இல் அவ்வாறே பதித்தார்.

இங்கே அச்சுக்கு முந்திய அசல் ஏதுமில்லை. தாளுக்குத் தாள் மையைப் புதிதாக ஏற்றியாக வேண்டும். கலைஞர் எண்ணிட்டு ஒப்பமிட்ட ஒவ்வொரு தாளும் அசலே.

ஏடுகளைப் படியெடுத்தே இலக்கியம் காத்த நாம், படி என்றதும் முகம் சுளிக்கலாமா? பிள்ளைத்தமிழின் செங்கீரைப் பருவத்தை ஆண்டுதோறும் நடத்தியும், அப்புவை மாணவர்க்கு இதுவரை காட்டவில்லை. அது நம் குறையே.