சிறு வியாபாரிகளும் தொடர்புப் படிவமும்

நம் கலாசாலை மாணவருள் பலர், படிப்பு முடியுமுன்னரே சிறு கடைக்காரர்களுக்கு இணையதளம் அமைத்துக் கொடுத்துத் தம் கைச்செலவுக்குப் பொருள் ஈட்டுகின்றனர் என்பது யாவரும் அறிந்ததே. அது போற்றத்தக்க முயற்சி. ஆயினும் அத்தளங்களின் ஒரு மூலையில் அவர்கள் வைத்துவிட்டுச் செல்லும் தொடர்புப் படிவம் என்னும் சிறு உறுப்பைக் குறித்து எனக்குள்ள மனக்குறையை இப்பக்கங்களில் வெளியிட விரும்புகிறேன். பெரும்பாலும் அஃது ஓர் அலங்காரமாகவே அமைக்கப்படுகிறது. அதில் எழுதுவோர் ஒருவர் உளர் என்பதும், எழுதியதை வாசிப்போர் ஒருவர் இருத்தல் வேண்டும் என்பதும் மறக்கப்படுகின்றன. பேணுவாரற்ற படிவத்தைவிடப் படிவமே இல்லாதிருத்தல் நன்று என்பது என் துணிபு.

இத்துணிபு ஏட்டுப் படிப்பால் வந்ததன்று. நாகர்கோவிலிலிருந்தும் கன்னியாகுமரியிலிருந்தும் வரும் சாலைகள் கூடிக் கூடங்குளத்தை நோக்கிச் செல்லும் அஞ்சுகிராமத்தில் என் சிற்றப்பா ஒரு கடை வைத்திருக்கிறார். கருப்பட்டி, பனங்கற்கண்டு, சுக்குக் கருப்பட்டி, ஓலைப்பெட்டி முதலியன அங்கு விற்பனையாகும். ஓலைப்பெட்டிகளைச் சுற்றுவட்டாரத்துப் பெண்மக்கள் வீட்டிலிருந்தே முடைந்து தருவர். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞர் வந்து அழகியதோர் இணையதளம் அமைத்துத் தந்தார். அதில் ஒரு தொடர்புப் படிவமும் இருந்தது. பதினொரு மாதம் கழிந்தும் அதன் வழியாக ஒரு கடிதமேனும் வந்திலது. “இணையத்தில் நம்மைத் தேடுவார் யாருமில்லை” என்று சிற்றப்பா தம்மைத் தாமே தேற்றிக்கொண்டார்.

அவ்வாண்டுக் கோடை விடுமுறையில், எங்கள் ஊரிற் பிறந்து மஸ்கட்டில் வாழும் ஓர் அம்மையார் கடைக்கு வந்தார். வந்தவர் பொருள் ஒன்றும் கேட்டிலர். “அண்ணாச்சி, மகள் கலியாணத்துக்கு முந்நூறு ஓலைப்பெட்டியில் கருப்பட்டி வேண்டுமென்று மூன்று முறை எழுதினேனே, வேண்டாதவள் என்று நினைத்துவிட்டீர்களோ?” என்று மட்டும் வினவினார். கலியாணம் முன்னரே நடந்தேறிவிட்டது. விருந்தினருக்கு வேறோர் ஊரிலிருந்து வாங்கிய இனிப்பு வழங்கப்பட்டதாம். சிற்றப்பா நாவெழாமல் நின்றார். வியாபாரம் போனது ஒருபுறமிருக்க, வாயிலில் வந்து மும்முறை அழைத்த ஊர்ப்பெண்ணுக்கு விடை சொல்லாது கதவடைத்தவர் என்ற பெயரை நாஞ்சில் நாட்டில் எவர்தாம் தாங்குவர்? முந்நூறு பெட்டி முடையும் கூலியை இழந்த பெண்களோ, தாம் இழந்ததைக்கூட அறியார்.

அன்றிரவு யான் அப்படிவத்தைப் பரிசோதித்தேன். கண்டவற்றைச் சற்று விரிவாகவே கூறுகிறேன். ஏனெனில் இப்பிழைகள் அந்த ஒரு கடைக்கு மட்டும் உரியனவல்ல.

முதலாவது, தொலைபேசி எண்ணுக்குரிய கட்டம். பத்து இலக்கமில்லாத எண்ணை அது ஏற்க மறுத்தது. ஓமான் நாட்டு எண்களோ நாட்டுக் குறியீடு நீங்கலாக எட்டு இலக்கமே உடையன. அம்மையார் தம் எண்ணுக்குப் பின்னே இரண்டு சுழியங்களை இட்டு அக்கட்டத்தைச் சமாதானம் செய்தாராம்! வளைகுடாவிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தம் மக்களைக் கொண்ட ஒரு மாவட்டத்துக் கடைக்கு, உள்நாட்டு எண்ணையன்றிப் பிறிதொன்றையும் ஏற்காத படிவம் எற்றுக்கு? பெயருக்குரிய இடத்திலும் இதே அறியாமை. முதற்பெயர் ஒன்றும் குடும்பப்பெயர் ஒன்றும் கட்டாயமாகக் கேட்கப்பட்டன. தந்தையின் பெயரின் முதலெழுத்தை முன்னே வைத்துத் தம் பெயரை எழுதும் தமிழர், குடும்பப்பெயர் என்னுமிடத்தில் எதை எழுதுவர்? மேனாட்டார் தமக்கெனச் செய்த சட்டையை அளவெடாமல் நமக்கு மாட்டிவிடுதல் போன்றது இது. பெயருக்கு ஒரு கட்டம், தொடர்புக்கு ஒரு கட்டம், செய்திக்கு ஒரு கட்டம்: இவை மூன்றே போதும். பிறந்த நாளும் முகவரியும் கருப்பட்டியின் விலை சொல்வதற்குத் தேவையில்லை.

இரண்டாவது பிழையே பெரும்பிழை. படிவத்தில் எழுதி அனுப்பியவுடன் “நன்றி, தங்கள் செய்தி கிடைத்தது” என்று திரையில் தோன்றியது. ஆனால் செய்தி எவருக்கும் கிடைத்திலது. காரணம் இதுதான். படிவம் தான் ஆக்கும் மின்னஞ்சலில், அனுப்புநர் என்னுமிடத்தில் எழுதியவரின் முகவரியையே இட்டு அனுப்பியது. ஒருவர் பெயரைப் பிறிதொரு கணினி தன் பெயராகச் சொல்லிக்கொண்டு வருமாயின், பெறும் நிலையம் அதனைப் போலிக் கடிதமென்று ஐயுறுதல் இயல்பேயன்றோ? 2014 ஏப்ரலில் யாகூ நிறுவனம், தன் முகவரியைத் தாங்கிப் பிற கணினிகளிலிருந்து வரும் அஞ்சல்களை நிராகரிக்குமாறு ஏனைய நிலையங்களுக்கு வெளிப்படையாக அறிவித்தது. 2024 பிப்ரவரி முதல் கூகுள், ஜிமெயிலுக்கு எழுதுவோர் யாவராயினும் எஸ்.பி.எப். அல்லது டி.கே.ஐ.எம். என்னும் அத்தாட்சிகளுள் ஒன்றேனும் உடையராதல் வேண்டும் என விதித்தது. முன்னது, இன்ன கணினியிலிருந்து அனுப்புவது எமக்குச் சம்மதம் என்று தளத்தின் உரிமையாளர் பதிவு செய்து வைக்கும் பட்டியல்; பின்னது, கடிதத்தின்மேல் இடும் அரக்கு முத்திரை போன்றது. இவ்விரண்டும் அக்கடையின் தளத்துக்கு இல்லை.

செய்ய வேண்டுவது கடினமன்று. அனுப்புநர் முகவரி கடையின் சொந்தத் தளத்தினதாக இருத்தல் வேண்டும். எழுதியவரின் முகவரி, விடை செல்லுமிடம் என்னும் தனிக்குறிப்பில் இடம்பெறுதல் வேண்டும். அத்தாட்சிகள் இரண்டையும் பதிவு செய்துவிட்டு, கடவுச்சொல் கொடுத்து நுழையும் முறையான அஞ்சல் வழியிலேயே கடிதத்தைச் செலுத்தல் வேண்டும். ஒரு பிற்பகற் பொழுதில் முடியும் வேலை.

இழந்த கடிதங்களை மீட்கலாமோ என்று தேடினேன், இயலவில்லை. வேர்ட்பிரஸ் தளங்களில் மிகுதியாக வழங்கும் ‘கான்டாக்ட் பார்ம் 7’ என்னும் கருவியே அங்கும் இருந்தது. தகாயுகி மியோஷி என்னும் ஜப்பானியர் 2007இல் ஆக்கிய அக்கருவி, செய்தியை மின்னஞ்சலாக அனுப்புமேயன்றித் தன்னிடம் படியெடுத்து வைப்பதில்லை. இதனை அவர் மறைத்தாருமில்லை. படியெடுத்து வைப்பதற்கென்றே ‘பிளமிங்கோ’ என்னும் துணைக்கருவியையும் அவரே ஆக்கியளித்திருக்கிறார். அதனைச் சேர்க்காமல் விட்டது அமைத்தவரின் கவனக்குறைவு. ஆகவே பதினொரு மாதத்தில் எழுதியவர் எத்துணையர், யாவர் என்பது இனி எவருக்கும் தெரியப்போவதில்லை.

அஞ்சுகிராமம் அந்நாளில் திருவிதாங்கூரைச் சேர்ந்தது. அவ்வரசு ‘அஞ்சல்’ என்ற பெயரால் தனக்கெனத் தபால் இலாகா ஒன்றை நடத்தி வந்தது. 1951இல் அஃது இந்தியத் தபாலுடன் இணைக்கப்பட்டது. மணி கட்டிய கோலுடன் ஓடும் அஞ்சற்காரனுக்கு வழிவிடுவது அக்கால வழக்கம். கடிதத்தைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்லிவிட்டு ஆற்றில் எறிந்த அஞ்சற்காரன் ஒருவன் அன்று இருந்திருப்பின், அவனை ஊரார் என்ன செய்திருப்பர்? நம் படிவங்கள் பல அதனையே நாள்தோறும் நன்றி கூறிக்கொண்டே செய்கின்றன.

இனி வேண்டாக் கடிதங்களின் தொல்லை. படிவங்கள் வலையுலகுக்கு வந்தது 1990க்குப் பிற்பட்ட முதற் சில ஆண்டுகளில். 1995 நவம்பரில் வெளியான எச்.டி.எம்.எல். 2.0 விதிநூலிலேயே அவை முறையாக இடம்பெற்றன. அதே ஆண்டில் மாட் ரைட் என்னும் இளைஞர் ‘பார்ம்மெயில்’ என்றொரு சிறு நிரலை எழுதி யாவர்க்கும் வழங்கினார். அதன் தொடக்க வடிவங்களில் கடிதம் செல்லவேண்டிய முகவரியையும் படிவமே சொல்லலாம் என்றிருந்தமையால், எத்தர்கள் பிறர் தளங்களின் வழியே ஆயிரக்கணக்கில் விளம்பரக் கடிதங்களை அனுப்பிக் குவித்தனர். பெறுநரின் முகவரியைப் படிவத்தில் வையாது தளத்தின் உள்ளேயே வைத்தல் வேண்டும் என்னும் பாடம் அன்று கற்றது.

இக்காலத்தில் இயந்திரங்கள் படிவங்களைத் தாமே நிரப்பித் திரிகின்றன. அவற்றைத் தடுக்கக் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தார் 2000ஆம் ஆண்டளவில் வகுத்த கேப்ட்சா சோதனை உலகெங்கும் பரவியது. என் அபிப்பிராயத்தில் சிறு கடைக்கு அது தகாது. கண் மங்கிய பாட்டி ஒருத்தி, பனங்கற்கண்டு கேட்பதற்காகப் போக்குவரத்து விளக்குகள் உள்ள படங்களைப் பொறுக்கிக்கொண்டிருத்தல் வேண்டுமோ? மனிதர் கண்ணுக்குப் புலப்படாத வெற்றுக் கட்டம் ஒன்றை வைத்து, அதனையும் நிரப்பி வருபவற்றைத் தள்ளிவிடுவது எளிய உபாயம். இயந்திரம் பேராசையால் எல்லாக் கட்டங்களையும் நிரப்பி அகப்பட்டுக்கொள்ளும். எல்லாம் அகப்படா என்பது உண்மையே. நாளொன்றுக்கு இரண்டொரு குப்பைக் கடிதத்தைக் கையால் அகற்றுவதால் ஒருவரும் மெலிந்துவிடார்.

“வாட்ஸ்அப் இருக்கும்போது படிவம் எதற்கு?” என்று என் தம்பி முறையுள்ளவன் ஒருவன் வாதிட்டான். சிறு வியாபாரிகளுக்கென 2018இல் தனிச்செயலியே வந்துவிட்டது என்பதும் மெய்தான். அண்டை ஊரார்க்கு அதுவே ஏற்றது என்பதை மறுக்கமாட்டேன். ஆயினும் அச்செய்திகள் யாவும் ஒருவர் சட்டைப்பையில் உள்ள ஒரு தொலைபேசியில் அடங்கியிருக்கும். கடையைக் கவனிக்கும் மகன் வேலை கிடைத்து வெளிநாடு செல்வானாயின், கடையின் கணக்கெல்லாம் அவனோடு விமானம் ஏறிவிடும். மேலும், பெருந்தொகையில் வாங்கும் விடுதியாரும் சங்கத்தாரும் எழுத்தில் கேட்டு எழுத்தில் விடை பெறவே விரும்புவர். இரண்டும் இருக்கட்டும், படிவம் கடையின் பொது அஞ்சற்பெட்டிக்கே செல்லட்டும்.

சட்டம் ஒன்றையும் குறிப்பிடல் வேண்டும். 2023 ஆகஸ்டு 11ஆம் தேதி குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பெயரும் தொலைபேசி எண்ணும் எதற்காகப் பெறப்படுகின்றன என்பதை அவற்றைத் தருவோர்க்கு அறிவித்தல் வேண்டும் என்கிறது. அவ்வறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள எம்மொழியிலோ வாசிக்கும் வாய்ப்பையும் அளித்தல் வேண்டும். தமிழ் அவற்றுள் ஒன்று. அதற்குரிய விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முதன்மையான கடமைகளுக்குப் பதினெட்டு மாத அவகாசம் தரப்பட்டது. நம் இளைஞர் அமைக்கும் தளங்களில் இவ்வறிவிப்பு இருப்பின், அஃது எங்கிருந்தோ பெயர்த்தெடுத்த நான்கு பக்க ஆங்கிலமாகவே இருக்கிறது. “தங்கள் எண்ணை விடையளிக்க மட்டுமே வைத்துக்கொள்வோம், ஆறு மாதத்தில் அழித்துவிடுவோம்” எனத் தமிழில் இரண்டு வரி எழுதிவிட்டு, அவ்வாறே அழித்தும் விடுவதற்கு என்ன தடை?

மாணவ அன்பர்கள் ஒரு மறுமொழி கூறக்கூடும்: தளம் அமைக்கக் கூலி தருவோர், பின்னர்ப் பேணுவதற்கு ஒரு காசும் தருவதில்லை என்று. இதில் நியாயமுண்டு, கடைக்காரரும் இதில் குற்றவாளியே. என் சிற்றப்பா கடையின் பெயர்ப்பலகைக்கு ஆண்டுதோறும் வர்ணம் பூசுவார்; தளத்தைத் திறந்து பார்த்ததோ இல்லை. ஆயினும் ஒப்படைக்கும் நாளில் கடைக்காரரை அருகிலமர்த்தி, அவர் கண்முன் படிவத்தை நிரப்பி, கடிதம் அவர் கைக்கு வந்துசேரும்வரை காத்திருப்பதற்குக் கால்மணி நேரம் போதும். அந்தக் கால்மணிக்குத் தனிக்கூலி கேட்பவர் கேட்கட்டும்.

இப்பொழுது ஒவ்வொரு மாதமும் முதல் தேதியில் என் தங்கை மகள் அப்படிவத்தில் ஒரு வரி எழுதி அனுப்புகிறாள். அது வந்து சேர்ந்தால் சிற்றப்பா கடையிலுள்ள நாட்காட்டியில் ஒரு கோடு இழுக்கிறார். வரும் கேள்விகள் வாரத்துக்கு நான்கைந்துதான். அன்றன்றே விடை செல்கிறது. பெட்டி முடையும் பெண்களுக்குச் சென்ற தையில் நூற்றைம்பது பெட்டிக்கு முன்பணம் கொடுத்தார். மஸ்கட்டு அம்மையாருக்கு அவரே தம் கைப்பட ஒரு கடிதம் எழுதி, இரண்டு கிலோ சுக்குக் கருப்பட்டியுடன், ஊருக்கு வந்து திரும்பும் ஒருவரிடம் கொடுத்தனுப்பினார். அதற்கு விடை இன்னும் வந்திலது.