டிராக்டர் பக்கம்: அப்பாவின் மாஸி எந்த வருடத்து வண்டி?

கேள்வி: "எங்கள் வீட்டில் மாஸி ஃபெர்குசன் 35 டிராக்டர் ஒன்று நிற்கிறது. அப்பா ஓட்டிய வண்டி. அவர் காலமாகி ஒரு வருடம் ஆகப்போகிறது. இது 1962 மாடல் என்று எப்போதும் சொல்வார். ஆனால் ஆர்.சி. புத்தகத்தில் பதிவு தேதி 1971 என்று இருக்கிறது. தயாரிப்பு வருடம் எழுதிய இடம் தண்ணீர் பட்டு அழிந்துவிட்டது. பட்டறையில் இன்ஜினைப் பார்த்துவிட்டு, 80-க்குப் பிறகு வந்தது என்கிறார்கள். விலைக்குக் கேட்டு வந்தவர், 'எதுவுமே ஒத்துப்போகவில்லை, திருட்டு வண்டியாக இருக்கும்' என்று சொல்லி இரும்பு விலைக்குக் கேட்கிறார். அம்மாவுக்கு அந்தப் பேச்சு பெரிய வருத்தம். இது எந்த வருடத்து வண்டி?"
- ஒரு வாசகர், விருத்தாசலம் வட்டம்.

பதில்: முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள், மூன்றுமே உண்மையாக இருக்கலாம். வண்டி செய்த வருடம் வேறு, பதிவு செய்த வருடம் வேறு, இப்போது அதில் இருக்கும் இன்ஜின் செய்த வருடம் வேறு. பழைய டிராக்டரில் இந்த மூன்றும் ஒன்றாக இருந்தால்தான் நான் ஆச்சரியப்படுவேன்.

இந்த வண்டியின் கதையைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் குழப்பம் தீரும். 35 மாடல் இங்கிலாந்தில் 1956-ல் வந்தது. அப்போது சாம்பல் நிறத் தகடு, பொன்னிற இன்ஜின். 1957 கடைசியில்தான் நாம் பார்க்கும் சிவப்பு பானெட் வந்தது. டீசல் வண்டிக்கு ஆரம்பத்தில் ஸ்டாண்டர்டு கம்பெனியின் நான்கு சிலிண்டர் இன்ஜின். காலையில் ஸ்டார்ட் செய்வதற்குள் ஆளை ஒரு வழி ஆக்கிவிடும் என்று அதற்குப் பெயர். 1959 கடைசியில் பெர்கின்ஸ் மூன்று சிலிண்டர் இன்ஜினைப் பொருத்தினார்கள். 1962 டிசம்பரில் சக்தி கூடிய 35எக்ஸ் வந்தது. 1964 கடைசியில் அங்கே 35 நின்று, 135 வந்தது.

நம் ஊரில் கதை அங்கே நிற்கவில்லை. 1960-ல் சென்னையில் தொடங்கிய டாஃபே, மாஸி ஃபெர்குசன் கூட்டுடன் இதே வழியில் வந்த 1035-ஐ நெடுங்காலம் செய்தது. அதனால் பானெட்டையும் முகப்பையும் பார்த்து வருடம் சொல்பவரை நம்பாதீர்கள். பெயின்ட்டும் ஸ்டிக்கரும் ஒரே நாள் வேலை. பழைய வண்டிக்குப் புது பானெட்டும், புது வண்டிக்குப் பழைய பானெட்டும் போட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இனி உங்கள் வண்டிக்கு வருவோம். நீங்கள் அனுப்பிய படத்தில் இன்ஜெக்டருக்குப் போகும் டீசல் பைப் மூன்று தெரிகிறது. அப்படியென்றால் மூன்று சிலிண்டர். பக்கத்தில் சிம்ப்சன் பெயர்த் தகடும் இருக்கிறது. பெர்கின்ஸ் உரிமத்தில் சென்னையில் செய்த இன்ஜின் அது. 62-ல் வந்த வண்டியிலும் மூன்று சிலிண்டர்தான் இருந்திருக்கும் என்பதால், பழையது தேய்ந்தபோது அப்பாவோ அவருக்கு முன்பு வைத்திருந்தவரோ அதே வகையில் வேறு இன்ஜின் மாற்றியிருக்கலாம். பட்டறைக்காரர் இன்ஜினுக்குச் சொன்ன வயது சரியாகவே இருக்கட்டும். அது வண்டியின் வயது ஆகாது.

இங்கே ஒரு எச்சரிக்கை. 1974 முதல் இங்கிலாந்தில் செய்த பெர்கின்ஸ் இன்ஜின் எண்ணின் கடைசி எழுத்து வருடத்தைக் காட்டும். ஏ என்றால் 1974, பி என்றால் 1975, இப்படிப் போகும். அந்தக் கணக்கைச் சென்னை இன்ஜினுக்குப் போட்டுப் பார்க்காதீர்கள்.

வண்டியின் வயதுக்குப் பார்க்க வேண்டியது, ஸ்டீயரிங்குக்குக் கீழே மீட்டர் பலகையில் அடித்திருக்கும் சிறு தகடு. உங்கள் இரண்டாவது படத்தில் அது மங்கலாகத் தெரிகிறது. எஸ்என்எம் என்ற எழுத்துகளும், 28-ல் தொடங்கும் ஆறு இலக்க எண்ணும் படிக்க முடிகிறது. எஸ்டிஎம் என்று இருந்தால் நான்கு சிலிண்டர் டீசல், எஸ்என்எம் என்றால் மூன்று சிலிண்டர். இங்கிலாந்து வண்டிகளுக்கான பட்டியலில் 1962-ம் வருடம் 267528-ல் தொடங்குகிறது, 1963-ம் வருடம் 307231-ல். உங்கள் எண் இடையில் விழுகிறது. அப்பா சொன்னது சரி.

ஆனால் தகட்டை மட்டும் வைத்து முடிவு கட்டமாட்டேன். ஒரு முறை அப்படிச் சொல்லி மாட்டிக்கொண்டேன். வேறு வண்டியின் தகட்டைக் கழற்றி வந்து திருகாணி போட்டு முடுக்கியிருந்தார்கள், நான் எண்ணைப் படித்தேனே தவிர திருகாணியைப் பார்க்கவில்லை. உங்கள் தகட்டின் ரிவெட் பழையதா, சுற்றிலும் பெயின்ட் சுரண்டியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். தகட்டை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் மட்டும் துடையுங்கள். உப்புத்தாள் போட்டால் எழுத்து போய்விடும்.

கியர் பாக்ஸ் ஹவுசிங்கிலும் இன்ஜின் பிளாக்கிலும் மேடாகத் துருத்திக்கொண்டு சில எண்கள் இருக்கும். அவை வார்க்கும்போதே வந்த பாக எண்கள். அதைச் சேஸிஸ் எண் என்று எழுதிக்கொண்டு வந்து அலைந்தவர்கள் பலர். தட்டிக் குழிவாகப் பதித்த எண்தான் அந்த வண்டிக்கே உரிய எண். பழைய லூகாஸ் டைனமோ, செல்ஃப் மோட்டார் இருந்தால் அதன் உடம்பில் மாதமும் வருடமும் பதித்திருப்பார்கள். 6 62 என்று இருந்தால் 1962 ஜூன். மாற்றாத பாகமாக இருந்தால் அதுவும் ஒரு சாட்சி.

1971 எப்படி வந்தது? அந்தக் காலத்தில் வயலோடு நின்றுகொண்ட வண்டிகளைத் தாமதமாகப் பதிந்திருக்கலாம், அல்லது வெளி மாநிலத்திலிருந்து வந்து இங்கே புது எண் வாங்கியிருக்கலாம். பதிவெண்ணை வைத்தும் வண்டியின் வயதைச் சொல்ல முடியாது. மூன்று எழுத்தும் எண்களும் மட்டும் இருந்தால் 1989-க்கு முந்தைய பதிவு, டிஎன் போட்டு அலுவலக எண் வந்தால் அதற்குப் பிந்தையது, அவ்வளவுதான்.

திருட்டு வண்டியா என்பதற்கு ஒரே சோதனைதான் உண்டு. ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் எண்ணும் வண்டியில் உள்ள எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா? ஒன்றாக இருந்தால் வந்தவர் விலையைக் குறைக்கப் பேசியிருக்கிறார், விட்டுவிடுங்கள். அந்த எண் மேல் தாள் வைத்துப் பென்சில் தேய்த்துப் பிரின்ட் எடுத்து, ஆர்.சி.யுடன் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போங்கள். அழிந்துபோன தயாரிப்பு வருடத்தை அவர்கள் பதிவேட்டில் பார்த்துச் சொல்லக் கேளுங்கள்.

இன்ஜின் எண் ஆர்.சி.யோடு ஒத்துப்போகாமல் இருப்பது தனி விஷயம். இன்ஜின் மாற்றினால் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். பலர் செய்வதில்லை. இன்ஜின் வாங்கிய பில் அப்பாவின் பெட்டியில் இருக்கிறதா என்று தேடுங்கள், ஒரு துண்டுச் சீட்டு கிடைத்தாலும் நல்லது. எந்தக் காரணத்துக்காகவும் எண்ணை ராவி, வேறு எண் தட்டித் தருகிறேன் என்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். அதைச் செய்தால்தான் அது உண்மையிலேயே திருட்டு வண்டி போல ஆகிவிடும், வழக்கும் வரும்.

விற்பதாக இருந்தாலும் முதலில் வண்டி உங்கள் குடும்பத்தின் பெயருக்கு வர வேண்டும். உரிமையாளர் இறந்தால் வாரிசு பெயருக்கு மாற்றப் படிவம் 31. இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் வேண்டும். மூன்று மாதத்துக்குள் செய்திருக்க வேண்டிய வேலை இது, தாமதக் கட்டணம் கேட்கலாம். பதிவைப் புதுப்பிக்காமல் விட்டிருந்தால் படிவம் 25-ம் சேர்ந்துவரும்.

ஒரு வருடமாக நிற்கிறது என்கிறீர்கள். பேட்டரி மாட்டும் முன் ஒரு விஷயம்: டைனமோ வைத்த அந்தக் கால இங்கிலாந்து வண்டிகளில் பாசிட்டிவ் முனைதான் பாடியில் எர்த் ஆகும். உங்கள் வண்டியில் இடையில் யாராவது மாற்றியிருக்கிறார்களா என்று எலக்ட்ரீஷியனை விட்டுப் பார்த்துவிட்டு மாட்டுங்கள்.