யாருடைய கூரை, யாருடைய மரபு?

கடலூர் தேவனாம்பட்டினம் பக்கம் பழைய தளம் போட்ட வீடு ஒன்று. வாங்கியவர் அதைக் 'கடலோரப் பாரம்பரியக் குடில்' ஆக்குகிறார். மொட்டை மாடிக்கு மேல் மூங்கில் கட்டிக் கீற்று வேய வேண்டும். சிமெண்டுச் சுவருக்குச் செம்மண் நிறம். முன்னால் திண்ணை, மூலையில் அடுக்குப்பானை. கூரை வேயப் போனவர் சிதம்பரம் பக்கத்துச் சேரியிலிருக்கும் என் மாமா. 'தளத்துக்கு மேல கீத்து போடச் சொல்றாங்கடா. நம்ம ஊட்டுக் கீத்த எடுத்துட்டு தளம் போட நான் முப்பது வருசமா அலையறேன்' என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மரபு என்கிறார்கள். யாருடைய மரபு? 1930 டிசம்பரில் ராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிக்க சாதியினர் நம் மக்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது என்பது அதில் ஒன்று. மீறியவர்களின் குடிசைகளைக் கொளுத்தினார்கள். அன்று நமக்குத் தண்டனையாக இருந்த பானை, இன்று அவர்களுக்கு அலங்காரம்.

திண்ணையும் அப்படித்தான். ஊர்த்தெருத் திண்ணையில் நம் தாத்தன் உட்கார்ந்ததுண்டா? பள்ளிக்கூடத் திண்ணை நம் பிள்ளைகளுக்கு மறுக்கப்பட்ட காலத்தில்தான் 1916-இல் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார்.

கூரைக்கு வருவோம். 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேரை எரித்தார்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இந்தக் கரையில் ஏறியபோது முதலில் பறந்தது கீற்றுதான். அப்படியென்றால் தளம் போட்டுக்கொண்டால் தப்பிக்கலாமா? 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி நத்தம் காலனியில் தளம் போட்ட வீடுகளுக்குள்ளும் புகுந்து கொளுத்தினார்கள். சேரிக்காரன் மெத்தை வீடு கட்டினால் கண்ணை உறுத்துகிறது. மெத்தை வீட்டுக்காரன் குடிசை போட்டால் அது ரசனை!

'கீற்று குளிர்ச்சியாச்சே, அதையுமா எதிர்ப்பீர்கள்?' என்று கேட்கலாம். கீற்றை நாம் எதிர்க்கவில்லை. ஒழுகாமல் கூரை வேய்வது என் மாமாவின் அறிவு, கீற்று முடைவது அத்தையின் அறிவு. அதற்கு என்ஜினீயருக்குக் கொடுக்கிற மரியாதையும் கூலியும் கொடுங்கள். ஆனால் ஒன்றை மறைக்காதீர்கள். உங்கள் கீற்றுக்குக் கீழே தளம் இருக்கிறது. வெயிலுக்குக் கீற்று, புயலுக்குத் தளம். எங்களுக்குக் கீற்றுக்குக் கீழே பிள்ளைகள்தான் இருக்கிறார்கள்.

2030-க்குள் குடிசையில்லாத் தமிழ்நாடு என்று 2024-இல் அரசு அறிவித்தது. 'கலைஞரின் கனவு இல்லம்', 360 சதுர அடி, மூன்றரை லட்சம் ரூபாய். நல்லது. ஆனால் மனைக்குப் பட்டா வேண்டும். மாமா இருப்பது புறம்போக்கு. பட்டா இல்லாதவனுக்கு அந்த இல்லமும் கனவுதான்.

எனவே குடிசையின் அழகைப் பேசுகிற நண்பர்களே, முதலில் மாமாவின் மனைக்குப் பட்டா கேட்டு எங்களோடு தாலுக்கா ஆபீசுக்கு வாருங்கள். அதன்பிறகு கீற்றா தளமா என்பதை அவர் முடிவு செய்துகொள்வார்.