அடுத்தது பையன்தான் என்று யார் சொன்னது?

2025 டிசம்பர் 6. விசாகப்பட்டினத்தில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான மூன்றாவது ஒருநாள் போட்டி. இந்திய அணித் தலைவர் கே.எல். ராகுல் வழக்கத்தை மாற்றி இடது கையால் காசைச் சுண்டினார். காரணம் ஊருக்கே தெரியும். அதற்கு முந்தைய 20 ஒருநாள் போட்டிகளிலும் இந்தியா டாஸ் தோற்றிருந்தது. 2023 நவம்பர் 19 அன்று அகமதாபாத் உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் தொடங்கிய வரிசை அது. ரோஹித் தோற்றார், ராகுல் தோற்றார், கில் தோற்றார். ஊர் மாறியது, காசு மாறியது, எதிரணி மாறியது. விழுகிற பக்கம் மட்டும் மாறவில்லை.

விசாகப்பட்டினத்தில் மாறியது. உடனே டீக்கடை முதல் தொலைக்காட்சி வரை ஒரே தீர்ப்பு: “இருபது தடவை போனா, இருபத்தொண்ணாவது விழாம எங்க போகும்?”

விழாமலும் போயிருக்கும். சரிபாதி வாய்ப்பு அதற்கும் இருந்தது. இருபது முறை தோற்றவனுக்கு இருபத்தொன்றாம் முறை காசு ஏதோ பாக்கி வைத்திருக்கிறது என்ற இந்த நம்பிக்கை படித்தவர், படிக்காதவர் என்று பார்ப்பதில்லை. கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியவரும் சீட்டு மேஜையில் உட்கார்ந்தால் இதைத்தான் பேசுகிறார். பேச்சோடு போனால் தொலையட்டும் என்று விட்டுவிடலாம். அது பிரசவ அறை வரைக்கும், லாட்டரிக் கடை வரைக்கும் போகிறது.

இந்த நம்பிக்கை இரண்டு கேள்விகளைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறது. ஒரு காசைக்கூடச் சுண்டாமல் நின்றுகொண்டு, “வரப்போகும் 21 டாஸையும் வரிசையாகத் தோற்க எவ்வளவு வாய்ப்பு?” என்று கேட்டால், 20,97,152இல் ஒன்று என்பது பதில். அதிசயம்தான். ஆனால் விசாகப்பட்டினத்தில் ராகுல் நின்ற இடம் அதுவல்ல. 20 தோல்வி என்ற 10,48,576இல் ஒன்றான அதிசயம் ஏற்கெனவே நடந்து முடிந்திருந்தது. மிச்சமிருந்தது ஒரே ஒரு சுண்டல். முதல் எண்ணை இரண்டாவது எண்ணால் வகுத்துப் பார்த்தால் கிடைப்பது இரண்டில் ஒன்று, அவ்வளவுதான். நடந்ததை நடந்ததாகவே வைத்துக்கொண்டு, இனி நடக்கவிருப்பதை மட்டும் அளப்பதற்குக் கணிதத்தில் நிபந்தனை நிகழ்தகவு என்று பெயர். அந்த நிபந்தனையைச் சேர்த்த பிறகும் எண் அசையவில்லையென்றால் அவை சார்பற்ற நிகழ்வுகள். காசின் இரண்டு சுண்டல்கள் அப்படிப்பட்டவை. முந்தைய சுண்டல் காசின் எடையை மாற்றவில்லை, விளிம்பைத் தேய்க்கவில்லை, அதன் காதில் எதையும் ஓதவில்லை.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஒரே காசு, ஒரே கை, இருபது முறையும் தலைதான் விழுகிறது என்றால், நியாயமாக என்ன சந்தேகம் வரவேண்டும்? காசில் ஏதோ கோளாறு, தலைப் பக்கம் சாய்கிறது என்றுதான். அப்படியானால் இருபத்தொன்றாவதும் தலை என்று சொல்பவருக்காவது ஒரு காரணம் இருக்கிறது. “இனி பூதான்” என்று அடித்துச் சொல்பவருக்கு அந்தக் காரணமும் இல்லை. காசு நேர்மையானது என்றால் பாதிக்குப் பாதி, கள்ளக்காசு என்றால் மீண்டும் தலை. எந்தப் பக்கம் போனாலும் அவர் கட்சிக்கு ஓட்டு விழாது.

இதே நம்பிக்கைதான் தமிழ் வீடுகளில் பாட்டியின் குரலில் பேசுகிறது. “மூணும் பொண்ணாப் போச்சு. கவலைப்படாதே, நாலாவது கண்டிப்பா பையன்தான்.” ஆறுதலாகச் சொல்கிற வார்த்தைதான். ஆனால் அந்த ஆறுதலை நம்பித்தான் நாலாவது பிரசவத்துக்கு ஒரு பெண் தயாராக்கப்படுகிறாள். தென் மாவட்டங்களில் ‘போதும்பொண்ணு’ என்று பெயர் வைத்தார்கள். திருத்தணிப் பக்கத்துக் கிராமங்களில் ‘வேண்டாம்’ என்றே வைத்தார்கள். பெண் குழந்தைக்கு இப்படிப் பெயரிட்டால் அடுத்தது ஆணாகப் பிறக்கும் என்பது ஐதிகம். பெயர் அடுத்த குழந்தையின் பாலினத்தைத் துளியும் மாற்றவில்லை. மாற்றியது, பள்ளியில் வருகைப் பதிவேடு வாசிக்கும்போது தினமும் “வேண்டாம்” என்று கூப்பிடப்பட்ட அந்தச் சிறுமியின் முகத்தைத்தான்.

ஐந்தாம் பெண் கெஞ்சினாலும் கிடைக்காது என்றொரு பழமொழி உண்டு. அதைக்கூடக் கொஞ்சம் உரசிப் பார்க்கலாம். இயற்கையில் 100 பெண் குழந்தைகளுக்குச் சுமார் 105 ஆண் குழந்தைகள் பிறக்கின்றன. அந்தக் கணக்குப்படி, கல்யாணப் பந்தலில் உட்கார்ந்திருக்கும் ஒரு தம்பதிக்கு முதல் ஐந்தும் பெண்ணாகவே பிறக்க வாய்ப்பு ஏறக்குறைய 36இல் ஒன்று. அரிதுதான். பந்தலில் நின்று சொன்னால் பழமொழியில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் அதை யாரும் பந்தலில் சொல்வதில்லை. நாலு பெண்ணைப் பெற்றவளிடம்தான் சொல்கிறார்கள். அவளைப் பொறுத்தவரை ஐந்தாவதும் பெண்ணாக வாய்ப்பு நூற்றுக்குச் சுமார் 49. கெஞ்ச வேண்டிய அவசியமே இல்லை.

பிறப்புகள் காசைப் போல முழுக்க முழுக்கச் சார்பற்றவையா என்று அறிவியல் இன்னும் நோண்டிக்கொண்டிருக்கிறது. 2025இல் சுமார் 58,000 அமெரிக்கச் செவிலியர்களின் பிரசவ விவரங்களை வைத்து ஓர் ஆய்வு வெளிவந்தது. சில குடும்பங்களில் ஒரே பாலினக் குழந்தைகளே தொடர்ந்து பிறக்கும் சாய்வு தெரிகிறது என்றது அது. கவனிக்க வேண்டியது சாய்வின் திசை. மூன்று பெண்ணுக்குப் பிறகு, ஏதாவது கூடுகிறது என்றால், நாலாவதும் பெண்ணாகும் வாய்ப்புதான் கொஞ்சம் கூடுகிறது. பாட்டியின் ஜோசியத்துக்கு நேர் எதிர். பாலினத்தைத் தீர்மானிக்கும் குரோமோசோம் தகப்பனிடமிருந்து வருகிறது என்பதைப் பாட்டி இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அது தனிச் சண்டை.

இது தமிழர்களின் தனி மூடநம்பிக்கை என்று யாரும் தலை குனிய வேண்டாம். பிரெஞ்சுக் கணிதவியலாளர் லாப்லாஸ் 1814இல் வெளியிட்ட நிகழ்தகவு பற்றிய கட்டுரையில் இதையே நொந்துகொண்டிருக்கிறார். மகன் வேண்டுமென்று காத்திருந்த தகப்பன்மார், அந்த மாதம் ஊரில் ஆண் குழந்தைகள் நிறையப் பிறப்பதைக் கேட்டுக் கலங்கினார்களாம். ஒதுக்கீடு தீர்ந்துவிடும், தன் முறைக்குப் பெண்தான் மிஞ்சும் என்ற பயம். பிரான்சின் லாட்டரியில் நெடுநாள் வராத எண்ணின் மீது கூட்டம் போய் விழுவதையும் அவர் எழுதியிருக்கிறார்.

லாப்லாஸ் பார்த்த கூட்டம் ஏறக்குறைய இருநூறு ஆண்டு கழித்து இத்தாலியில் மீண்டும் கூடியது. இத்தாலிய லாட்டரியில் அப்போது பத்து நகரங்களின் பெயரில் பத்துச் சக்கரங்கள். ஒவ்வொரு சக்கரத்திலும் 1 முதல் 90 வரையுள்ள எண்களில் ஐந்தை எடுப்பார்கள். அதாவது ஓர் எண் ஒரு குலுக்கலில் வர 18இல் ஒரு வாய்ப்பு. வெனிஸ் சக்கரத்தில் 53 என்ற எண் 2003 மே மாதம் வந்துவிட்டுப் போனது, பிறகு வரவே இல்லை. நூறு குலுக்கல் தாண்டியது, நூற்றைம்பது தாண்டியது. தாமதமாகத் தாமதமாக “இனி வந்தே தீரும்” என்று பந்தயம் ஏறியது. சேமிப்பை வைத்தார்கள், கடன் வாங்கி வைத்தார்கள். 350 கோடி யூரோவுக்கு மேல் அந்த ஓர் எண்ணின் மீது கொட்டப்பட்டது. டஸ்கனியில் ஒரு பெண் குடும்பச் சேமிப்பை இழந்து கடலில் இறங்கி உயிரைவிட்டார். ஃபிளாரன்ஸ் அருகே ஒருவர் மனைவியையும் மகனையும் சுட்டுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டார். இந்த எண்ணையே பந்தயத்திலிருந்து நீக்குங்கள் என்று நுகர்வோர் அமைப்பு ஒன்று அரசிடம் மன்றாடியது.

182 குலுக்கல் கழித்து, 2005 பிப்ரவரி 9 அன்று 53 வந்தது. “பார்த்தீர்களா, வந்துவிட்டதே!” என்பார்கள். வரத்தான் செய்யும், ஒவ்வொரு குலுக்கலிலும் 18இல் ஒன்று என்ற அதே வாய்ப்போடு, முதல் நாள் போலவே 183ஆம் நாளும் அது நின்றுகொண்டிருந்தது. ஒரு குறிப்பிட்ட எண் 182 குலுக்கல் வராமல் இருப்பது ஏறக்குறைய 33,000இல் ஒன்று. பத்துச் சக்கரம், தொண்ணூறு எண், நூறாண்டைத் தாண்டிய குலுக்கல்கள் என்று பெருக்கிப் பார்த்தால், ஏதோ ஒரு எண் எப்போதாவது இப்படி முரண்டு பிடிக்காமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். 18இல் ஒன்று வாய்ப்புள்ள எண்ணுக்கு அரசு கொடுத்த பரிசு, கட்டிய பணத்தைப் போலச் சுமார் 11 மடங்கு. மிச்ச 7 மடங்கு யாருக்குப் போனது என்று சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாடு 2003இல் லாட்டரியைத் தடை செய்துவிட்டது. ஆனால் திருட்டுத்தனமாக விற்கும் மூணு நம்பர் லாட்டரியிலும், எல்லை தாண்டிப் போய் வாங்கும் கேரளச் சீட்டிலும், ‘கெஸ்ஸிங்’ என்ற பெயரில் பழைய முடிவுகளை அட்டவணை போட்டு “இந்த நம்பர் வந்து நாளாச்சு” என்று சொல்பவர்களுக்கு மட்டும் பஞ்சமில்லை.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒருவர் கை தூக்குவார். “நீண்ட காலத்தில் பாதி பூ, பாதி தலை என்று கணிதமே சொல்கிறதே? அப்படியானால் குறைந்த பக்கம் ஈடுகட்டித்தானே ஆகவேண்டும்?” 1713இல் அச்சேறிய ஜேக்கப் பெர்னூலியின் நூல் சொன்னது உண்மைதான்: சுண்டல்கள் கூடக்கூட விகிதம் பாதியை நெருங்கும். ஆனால் அது ஈடுகட்டி நெருங்குவதில்லை. 20 டாஸ் தோற்ற அணி அடுத்த 10,000 டாஸில் சராசரியாக 5,000 வெல்லும், 5,000 தோற்கும். மொத்தத்தில் வெற்றி 5,000, தோல்வி 5,020. அந்த 20 அப்படியே இருக்கிறது. யாரும் திருப்பித் தரவில்லை. கடலில் கரைத்த பெருங்காயம் போல இருக்கும் இடம் தெரியாமல் போனது, அவ்வளவுதான்.

இதைக் கையாலேயே செய்து பார்த்தவர் ஜான் கெரிச். தென்னாப்பிரிக்கக் கணிதப் பேராசிரியரான அவர் இரண்டாம் உலகப் போரில் டென்மார்க்கில் மாட்டிக்கொண்டு முகாமில் அடைபட்டார். பொழுது போகாமல் ஒரு காசை 10,000 முறை சுண்டி எழுதிவைத்தார். முதல் 100இல் தலை 44; பாதியைவிட 6 குறைவு. 10,000 முடிந்தபோது தலை 5,067. பாதியைவிட 67 அதிகம். எண்ணிக்கையில் இடைவெளி 6இலிருந்து 67 ஆகக் கூடியிருக்கிறது, சதவீதத்தில் 6இலிருந்து 0.67 ஆகச் சுருங்கியிருக்கிறது. ‘கடைசியில் பாதிக்குப் பாதி’ என்ற சராசரி விதியைச் சாட்சிக்கு அழைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய எண்கள் இவை.

அதற்காக எல்லா நிகழ்வும் சார்பற்றது என்று எதிர்ப்பக்கம் ஓடிவிடவும் கூடாது. சீட்டுக்கட்டு நினைவு வைத்திருக்கும். 52 சீட்டில் முதலில் ஏஸ் வர 13இல் ஒரு வாய்ப்பு. அதை எடுத்துக் கீழே வைத்துவிட்டால் அடுத்ததும் ஏஸாக இருக்க 17இல் ஒன்றுதான். போன சீட்டு கட்டில் இல்லை, அதனால் கணக்கு மாறுகிறது. முன்னது பின்னதைத் தொடுகிறதா, தொட்டால் எந்த வழியில் என்ற கேள்வியைத்தான் கேட்டிருக்க வேண்டும். அதைக் கேட்காமல் பெருக்கியதால் இங்கிலாந்தில் ஒரு தாய் சிறைக்குப் போனார்.

சாலி கிளார்க் வழக்கறிஞர். அவருடைய முதல் மகன் 1996இலும் இரண்டாவது மகன் 1998இலும் பச்சிளம் வயதில் இறந்தார்கள். கொலை என்று வழக்கு. புகழ்பெற்ற குழந்தை மருத்துவர் ராய் மெடோ சாட்சிக் கூண்டில் ஏறினார். வசதியான, புகைபிடிக்காத குடும்பத்தில் ஒரு குழந்தை காரணம் தெரியாமல் திடீரென்று இறக்க வாய்ப்பு 8,543இல் ஒன்று. எனவே இரண்டும் அப்படி இறக்க, அதை அதாலேயே பெருக்கி, 7 கோடியே 30 லட்சத்தில் ஒன்று என்றார். குதிரைப் பந்தயத்தில் ஜெயிக்க வாய்ப்பு மிகக் குறைந்த குதிரையின் மீது பணம் கட்டி நாலு வருடம் தொடர்ந்து ஜெயிப்பது போல என்று உவமையும் சொன்னார். 1999 நவம்பரில் ஆயுள் தண்டனை.

பெருக்கல் இரண்டு காசுகளுக்குச் சரி. ஆனால் அந்தக் குழந்தைகள் ஒரே தாய் தகப்பனின் ரத்தம், ஒரே வீடு. முதல் மரணத்துக்கு மரபிலோ சூழலிலோ காரணம் இருந்தால் அது இரண்டாவதையும் தொடும். கணிதப் பேராசிரியர் ரே ஹில் பின்னர் போட்ட கணக்கில், ஒரு குழந்தை இப்படி இறந்த வீட்டில் அடுத்ததற்கு ஆபத்து ஐந்து முதல் பத்து மடங்கு வரை கூடுகிறது. அதைவிடப் பெரிய தவறு இன்னொன்று. நிரபராதி வீட்டில் இப்படி நடப்பது அரிது என்பதை, இப்படி நடந்த வீட்டில் நிரபராதி இருப்பது அரிது என்று நீதிமன்றம் திருப்பிப் படித்துக்கொண்டது. தாயே இரண்டு கைக்குழந்தைகளைக் கொல்வதும் அரிதிலும் அரிதுதானே? அந்த அரிதை எடுத்துப் பக்கத்தில் வைத்து நிறுத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. ரே ஹில் நிறுத்துப் பார்த்தார். இரட்டைக் கொலையைவிட இரட்டை இயற்கை மரணமே குறைந்தது நாலரை மடங்கு, கூடினால் ஒன்பது மடங்கு அதிகம் நடக்கக்கூடியது என்று வந்தது.

2001 அக்டோபரில் இங்கிலாந்தின் ராயல் புள்ளியியல் கழகம் அந்த 7 கோடியே 30 லட்சத்துக்குப் புள்ளியியலில் எந்த அடிப்படையும் இல்லை என்று பகிரங்கமாக அறிவித்தது. இரண்டாவது மகனின் உடலில் தொற்று இருந்ததைக் காட்டிய பரிசோதனை முடிவு வெளியிடப்படாமல் இருந்தது பிறகு தெரியவந்தது. மூன்றாண்டுக்கு மேல் சிறையில் இருந்துவிட்டு 2003 ஜனவரியில் சாலி கிளார்க் விடுதலையானார். குடியில் விழுந்து, 2007 மார்ச்சில், 42 வயதில் இறந்துபோனார்.