மொரப்பாவுக்கு யார் அப்பா?

வேலூர் பஸ் ஸ்டாண்டில் திருவண்ணாமலை பஸ் கிளம்பும்போது ஒருவர் ஏறுவார். "இஞ்சி மொரப்பா, இஞ்சி மொரப்பா" என்று மூக்கால் ஒரு ராகம். கணியம்பாடியில் நான் இறங்குவதற்குள் பாக்கெட் காலி. பக்கத்தில் இருந்த நண்பர் ஒருநாள் அதற்கு விளக்கம் சொன்னார். மொறுமொறுப்பான பாகு, மொறுப்பாகு, மொரப்பா. தூய தமிழாம். சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது பாருங்கள், அதுதான் எனக்குக் கசந்தது.

மொறுமொறுப்பு என்றால் அப்பளம். மொரப்பா நறுக்கென்று உடைந்து மணலாகக் கரையும். அந்த 'மொ'வுக்கும் காரணம் எளிது. உடம்பை ஒடம்பு, முகத்தை மொகம் என்கிற அதே வாய்தான் முரப்பாவை மொரப்பா ஆக்கியது.

முரப்பா அரபுச் சொல். பாரசீகம், உருது வழியாக வந்தது. வளர்க்கப்பட்டது, பேணப்பட்டது என்று பொருள். எங்கள் எதிர்வீட்டு நானிம்மா, சலாம் சொல்லாமல் ஓடும் பையன்களை "தர்பியத்தே இல்ல" என்று திட்டுவார். வளர்ப்பு என்று அர்த்தம். அதுவும் இதே வேர்தான். நெல்லிக்காயையும் மாங்காயையும் பாகில் ஊறவைத்து, கெடாமல் பார்த்துப் பார்த்துக் காப்பதற்கு இதைவிடப் பொருத்தமான பெயர் உண்டா? வடக்கே முரப்பா இன்னும் பாகில்தான் மிதக்கிறது. நம்மிடம் வந்தபிறகு இஞ்சிச் சாறும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சி, தட்டில் கொட்டி, வில்லை போட்டுவிட்டோம். பண்டத்தையே மாற்றியிருக்கிறோம். இதற்குமேல் என்ன உரிமை வேண்டும்?

இதில் வேடிக்கை, 'இஞ்சி' எதிர்த்திசையில் போன சொல். பாலியில் சிங்கிவேர, கிரேக்கத்தில் ஸிங்கிபெரிஸ். இவற்றுக்கு மூலம் நம் இஞ்சியும் வேரும்தான் என்பது மொழியியலாளர் பலரின் கருத்து. நண்பருக்கு இது மனப்பாடம், மார்தட்டிச் சொல்வார். நம்மிடமிருந்து போனால் பெருமை, நம்மிடம் வந்தால் மட்டும் மறைக்கணுமா?

ஆம்பூர் பிரியாணி நம்ம ஊர். ஆற்காடு மக்கன் பேடா நம்ம ஊர். பேடாவிடம் யாரும் பூர்வீகம் விசாரிப்பதில்லை. நானிம்மாவின் பேரன் தோல் ஷாப்பில் வேலை செய்கிறான். அன்றைக்கு அதே பஸ்ஸில் போனில் உருது பேசிக்கொண்டு வந்தான். நண்பர் அவன் பக்கம் திரும்பினார்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"கணியம்பாடிண்ணே."

"அது சரி. அதுக்கு முன்னாடி?"